ஏரியில் பறவை எண்ணுவது எப்படி: முதல் வருடத்துக்கான வழிகாட்டி

என் முதல் பறவை நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. இரண்டு வருடம் எழுதியது. "நாரை நிறைய", "வாத்துக் கூட்டம், பிரமாதம்", "இன்று சுமார்தான்" என்று பக்கம் பக்கமாக ஓடும். மூன்றாம் வருடம் எங்கள் ஏரியில் மண் அள்ளினார்கள். "அதற்கப்புறம் பறவை குறைந்துபோச்சா?" என்று ஊரில் ஒருவர் கேட்டார். நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். "நிறைய" என்றால் எத்தனை? எந்தக் கரையில் நின்று பார்த்தது? எவ்வளவு நேரம்? எதுவுமே இல்லை. இரண்டு வருடம் பறவை பார்த்திருக்கிறேன், ஒரு நாள்கூட எண்ணவில்லை.

கணக்கெடுப்பு என்றதும் காடு, ஜீப், புலி என்றுதான் பலருக்கும் தோன்றும். ஊர் ஏரியோ கண்மாயோ போதும். இதற்கு உயிரியல் பட்டம் வேண்டாம், அனுமதிக் கடிதம் பெரும்பாலும் வேண்டாம், வீட்டிலிருந்து சைக்கிளில் போய்விடலாம். ஒரு காலைப் பொழுதில் முழு ஏரியையும் பார்த்து முடிக்கலாம். ஏரி சரணாலயமாக இருந்தாலோ காப்புக்காட்டுக்குள் இருந்தாலோ மட்டும் முதலில் வனச்சரகரைப் பார்த்து அனுமதி வாங்குங்கள்.

முதலில் ஒரு கேள்வி

"எங்கள் ஏரியில் என்னென்ன பறவை இருக்கிறது?" என்பது ஒரு கேள்வி. "எங்கள் ஏரியில் பறவைகள் கூடுகின்றனவா, குறைகின்றனவா?" என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு எங்கு வேண்டுமானாலும் அலையலாம், புதருக்குள் நுழைந்து தேடலாம், எந்த நேரத்திலும் போகலாம். பட்டியல் நீண்டால் சரி. இரண்டாவது கேள்விக்கு இந்தச் சுதந்திரம் எதுவும் கிடையாது. போன மாதம் எப்படி எண்ணினீர்களோ அப்படியேதான் இந்த மாதமும் எண்ண வேண்டும். எண்ணும் முறை மாறினால், எண்ணிக்கை மாறியது பறவையாலா உங்களாலா என்று யாராலும் சொல்ல முடியாது. நான் சொல்லப்போவது இரண்டாவது வேலையைப் பற்றி.

ஏரியைத் தெரிந்துகொள்ளுங்கள்

எண்ணத் தொடங்கும் முன் இரண்டு மூன்று தடவை சும்மா போய் வாருங்கள். ஒரு தாளில் ஏரியை வரையுங்கள். கரை எங்கே, மதகு எங்கே, கலங்கல் எங்கே, வரத்துக்கால் எந்தப் பக்கம் வந்து சேர்கிறது, மண்திட்டு எத்தனை, கருவேல மரங்கள் எங்கே நிற்கின்றன, சம்பும் கோரையும் எந்த மூலையில். கூகுள் மேப்பில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து அதன் மேல் ஒரு தாளை வைத்து வரைந்தாலும் சரிதான். கலை வேண்டாம், அடையாளம் தெரிந்தால் போதும்.

அப்புறம் ஆட்களிடம் பேசுங்கள். மடை திறக்கும் நீர்க்கட்டி, மீன்பாசி ஏலம் எடுத்தவர், ஆடு மேய்ப்பவர். தண்ணீர் எந்த மாதம் எந்தக் கல் வரை ஏறும், கூழைக்கடா எப்போது வரும், இரவில் எந்த மரத்தில் அடையும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். நீங்கள் யார், ஏன் தூரநோக்கியோடு நிற்கிறீர்கள் என்பதையும் அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. என்னை முதல் மாதம் நிலம் அளக்க வந்தவன் என்றே நினைத்திருந்தார்கள். டீக்கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தபின்தான் சரியானது.

ஊர்க்காரர்கள் பறவைக்கு எதிரி என்ற எண்ணத்தோடு போகாதீர்கள். வேடந்தாங்கல் மக்கள் 1798-லேயே செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸிடம் பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்தில் வாங்கியவர்கள். எச்சம் விழுந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நிற்கும் இடங்களைக் குறியுங்கள்

கரையில் நடந்து, எங்கெங்கே நின்றால் முழு ஏரியும் கண்ணில் படும் என்று பாருங்கள். நடுத்தர ஏரிக்கு நான்கைந்து இடம் போதும். ஒவ்வொன்றுக்கும் அசையாத அடையாளம் ஒன்றை எழுதுங்கள்: "மதகுக்கு மேலே", "அய்யனார் கோயில் பின்புறம்", "கலங்கல் தென்முனை". போனில் ஜிபிஎஸ் புள்ளியையும் குறித்துவையுங்கள். பனைமரத்தை நம்பி ஒரு இடத்தை நான் குறித்திருந்தேன், அடுத்த வருடம் மரம் இல்லை.

ஒவ்வொரு இடத்திலிருந்தும் ஏரியின் எந்தப் பகுதியை எண்ணுவது என்று வரைபடத்தில் கோடு போட்டுப் பிரித்துவிடுங்கள். முதல் இடத்தில் நின்று மதகிலிருந்து நடுத்திட்டு வரை, இரண்டாவதில் நடுத்திட்டிலிருந்து கருவேலந்தோப்பு வரை என்று. ஒரே பறவையை இரண்டு முறை எண்ணாமல் இருக்க இதுதான் வழி.

வெயில் எந்தப் பக்கம் என்பதும் முக்கியம். தமிழ்நாட்டுச் சமவெளியில் நிலம் பொதுவாகக் கிழக்கு நோக்கிச் சரிவதால் பெரும்பாலான ஏரிகளுக்குக் கரை கிழக்குப் பக்கம் அமைந்திருக்கும். காலையில் அந்தக் கரையில் நின்று மேற்கே பார்த்தால் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால், பறவைகள் மேல் வெளிச்சம். அதே இடத்தில் மாலையில் நின்றால் எல்லாம் கறுப்பு நிழல்தான், வாத்தா நாமக்கோழியா என்றே தெரியாது. காலையில் போங்கள்.

என்ன வாங்க வேண்டும்

தூரநோக்கி ஒன்று. 8×42 என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். 8 என்பது எத்தனை மடங்கு கிட்டே காட்டும் என்பது, 42 என்பது முன்கண்ணாடியின் விட்டம் மில்லிமீட்டரில். 20 மடங்கு, 30 மடங்கு என்று ஆசை காட்டும் மலிவான சாமான்களை விட்டுவிடுங்கள், கை நடுக்கத்தில் ஒன்றும் பார்க்க முடியாது. ஏரி மிகப் பெரியது என்றால் முக்காலி மேல் வைக்கும் ஸ்கோப் வேண்டும், அதை நண்பர்கள் சேர்ந்து வாங்கலாம். நோட்டு, பென்சில் (மழையில் பேனா மை கரைந்துவிடும்), எண்ண உதவும் கைக் கவுண்டர், நல்ல ஷூ. ஷூ ஏன் என்றால் கரையில் காலை நேரம் கண்ணாடி விரியன் வெயில் காயும்.

கேமரா கட்டாயம் இல்லை. சொல்லப்போனால் கேமரா வைத்திருப்பவர்கள் எண்ண மறந்துவிடுகிறார்கள்.

எப்போது, எவ்வளவு நேரம்

மாதம் ஒரு முறை போதும், இரண்டு முறை போனால் நல்லது. தேதியை முன்பே முடிவு செய்யுங்கள், உதாரணத்துக்கு மாதத்தின் இரண்டாவது ஞாயிறு. "பறவை நிறைய வந்திருக்காம்" என்று கேள்விப்பட்ட அன்று ஓடிப்போய் எண்ணி, இல்லாத மாதத்தில் சோம்பி விட்டுவிட்டால், உங்கள் கணக்கில் ஏரி எப்போதும் நிறைந்தே இருக்கும். அடாத மழையோ பலத்த காற்றோ அடித்தால் மறுநாள் போகலாம். விடிந்து அரை மணியில் தொடங்கி, ஒரே வரிசையில் இடம் மாற்றி, ஏறக்குறைய ஒரே நேரத்தில் முடியுங்கள். பத்து மணிக்கு மேல் கானல் ஆடத் தொடங்கும், தூரத்துப் பறவை நெளியும்.

எண்ணுவது

இங்கேதான் பொறுமை வேண்டும். நிற்கும் இடத்துக்கு வந்ததும் உடனே தூரநோக்கியைத் தூக்காதீர்கள். இரண்டு நிமிடம் வெறும் கண்ணால் பாருங்கள். பெரிய பறவைகள் எங்கே, கூட்டம் எங்கே, எது எந்தப் பக்கம் நகர்கிறது என்று பிடிபடும். உங்களைக் கண்டு பதறிய பறவைகளும் அதற்குள் அமர்ந்துவிடும்.

எண்ணும்போது எப்போதும் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம், இடமிருந்து வலமாக. முதல் சுற்றில் பெரியவை: கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை, பெரிய கொக்கு. இரண்டாம் சுற்றில் நீந்துபவை: புள்ளிமூக்கு வாத்து, ஊசிவால் வாத்து, நாமக்கோழி, முக்குளிப்பான். மூன்றாவது சுற்று கரையோரச் சேற்றுக்கும் இலைப்பரப்புக்கும்: பவளக்கால் உள்ளான், இலைக்கோழி, நீலத்தாழைக்கோழி, மடையான். எல்லாவற்றையும் ஒரே சுற்றில் எண்ணப் போனால் கூழைக்கடாவைப் பார்த்துக்கொண்டே உள்ளானை விட்டுவிடுவீர்கள்.

முக்குளிப்பான் தனித் தொல்லை. எண்ணிக்கொண்டிருக்கும்போதே முழுகிவிடும், எங்கோ போய் எழும். ஒரு சிறு பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு நிமிடம் முழுதாகப் பாருங்கள். அந்த நிமிடத்தில் ஒரே சமயத்தில் தண்ணீர் மேல் தெரிந்த அதிகபட்ச எண்ணிக்கையை எழுதுங்கள். பிறகு அடுத்த பகுதி.

கூட்டம் ஐம்பதுக்குள் என்றால் ஒவ்வொன்றாக எண்ணலாம். ஐந்நூறு சீழ்க்கைச் சிரவியை எப்படி எண்ணுவது? முதலில் பத்துப் பறவையைத் துல்லியமாக எண்ணுங்கள். அந்தப் பத்து கண்ணில் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று பாருங்கள். அந்த அளவைக் கூட்டத்தின் மேல் நகர்த்திக்கொண்டே போய் பத்து, இருபது, முப்பது என்று கூட்டுங்கள். பெரிய கூட்டத்துக்குப் பத்துக்குப் பதில் ஐம்பது. நடுவில் நெருக்கமாகவும் ஓரத்தில் தளர்வாகவும் இருக்கும் என்பதால் ஒரே அளவை எல்லா இடத்திலும் போடாதீர்கள்.

இதற்கு வீட்டிலேயே பயிற்சி எடுக்கலாம். ஒரு பிடி உளுந்தைத் தரையில் வீசுங்கள். ஐந்து விநாடி பார்த்து எத்தனை என்று சொல்லுங்கள், பிறகு எண்ணுங்கள். எல்லோருமே முதலில் குறைத்துத்தான் சொல்வோம், கூட்டம் பெரிதாகப் பெரிதாக இன்னும் குறைத்து. ஒரு வாரம் தினமும் செய்தால் கண் பழகிவிடும். எங்கள் வீட்டில் என்னைவிட என் அம்மாவின் கணக்குத்தான் எப்போதும் நெருங்கி வந்தது. ஐம்பது வருடம் பருப்பு அளந்த கை.

கலப்புக் கூட்டம் என்றால் முதலில் மொத்தத்தைக் கணியுங்கள். பிறகு கூட்டத்தின் வேறு வேறு இடங்களிலிருந்து நூறு பறவையை இனம் பிரித்து எண்ணுங்கள். நூறில் அறுபது ஊசிவால் வாத்து, நாற்பது நீலச்சிறகி என்றால் மொத்தத்தையும் அந்த விகிதத்தில் பிரிக்கலாம்.

இனம் தெரியாதது கண்டிப்பாக வரும். "வாத்து, இனம் தெரியவில்லை, 12" என்று எழுதுங்கள். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. ஊகித்து எழுதிய பெயர்தான் பின்னால் தொல்லை கொடுக்கும். வெள்ளைக் கொக்குகளில் புதியவர்கள் அதிகம் தடுமாறுவார்கள். கறுப்பு அலகு, கறுப்புக் கால், ஆனால் பாதம் மட்டும் மஞ்சள் என்றால் சின்னக்கொக்கு. குட்டையான மஞ்சள் அலகு, மாட்டுக்குப் பக்கத்தில் நின்றால் உண்ணிக்கொக்கு. வாய்ப்பிளவு கண்ணைத் தாண்டிப் பின்னால் போனால் பெரிய கொக்கு. தூரத்தில் பாதம் சேற்றில் புதைந்திருக்கும், வாய்ப்பிளவு தெரியாது. அப்போது "வெள்ளைக் கொக்கு, 30". அவ்வளவுதான்.

குரலைக் கேட்டு இனம் சொல்லும் மெர்லின் போன்ற செயலிகள் கற்றுக்கொள்ள நல்ல துணை. அது காட்டிய பெயரைக் கண்ணால் பார்க்காமல் நோட்டில் ஏற்றாதீர்கள்.

பூஜ்யத்தையும் எழுதுங்கள்

ஏரியில் ஏறக்குறைய பறவையே இல்லாத காலை வரும். மே மாதத்தில் தரை வெடித்துக் கிடக்கும், இரண்டு ஆள்காட்டி கத்திக்கொண்டிருக்கும். அன்றைக்கும் போய் "நாரை 0, வாத்து 0, ஆள்காட்டி 2" என்று எழுத வேண்டும். போகாத மாதமும் போய்ப் பறவை இல்லாத மாதமும் ஒன்றல்ல. நோட்டில் வெற்றிடம் இருந்தால் நீங்கள் காய்ச்சலில் படுத்திருந்தீர்களா, பறவை வரவில்லையா என்று பத்து வருடம் கழித்து உங்களுக்கே நினைவிருக்காது.

பூஜ்யத்தோடு சேர்த்து உழைப்பையும் எழுதுங்கள். தொடங்கிய நேரம், முடித்த நேரம், எத்தனை பேர், எத்தனை இடம், வானிலை. ஒருவர் ஒரு மணி நேரத்தில் எண்ணியதையும் ஐந்து பேர் மூன்று மணி நேரம் தேடியதையும் அருகருகே வைக்கக் கூடாது. என் நோட்டின் ஒரு பக்கம் இப்படி இருக்கும்:

"ஞாயிறு, காலை 6.40 முதல் 8.15 வரை. இருவர். 5 இடம். மேகம் பாதி, காற்று லேசு. தண்ணீர்: மதகுக் கல்லில் 4-ஆம் கோடு. தொந்தரவு: நாய் 3, வலை போடுபவர் இருவர், பட்டாசு ஒரு முறை 7.20-க்கு." அதன் கீழே இட வாரியாகப் பறவை.

தொந்தரவு என்ற வரியை விட்டுவிடாதீர்கள். மீன்பாசி எடுத்தவர்கள் சில ஏரிகளில் பறவையை விரட்டப் பட்டாசு போடுவார்கள். அன்றைய கணக்கு குறைந்ததற்கு அது ஒன்றே காரணமாக இருக்கலாம்.

பறவையோடு ஏரியையும் எண்ண வேண்டும்

புதியவர்கள் விட்டுவிடுவது இதைத்தான். நானும் விட்டேன். ஏரி நிரம்பினால் பறவை பெருகும் என்றுதான் நினைத்திருந்தேன். நல்ல வடகிழக்குப் பருவமழை பெய்த ஒரு வருடம் ஜனவரியில் உள்ளான் கூட்டமே இல்லை. பதறிப்போனேன். பிறகுதான் புரிந்தது: உள்ளானுக்கு வேண்டியது சேறும் கணுக்கால் அளவுத் தண்ணீரும். கரை முட்ட நிரம்பிய ஏரியில் அவற்றுக்குக் கால் வைக்க இடமில்லை. மார்ச்சில் தண்ணீர் வடிந்து திட்டுகள் தலைகாட்டியபோது அவை வந்தன. மீன் ஒரு மூலையில் ஒடுங்கியபோது கூழைக்கடாவும் நாரையும் குவிந்தன. தண்ணீர் அளவை எழுதாமல் பறவையை மட்டும் எழுதியிருந்தால் "உள்ளான் அழிகிறது" என்று ஊரெல்லாம் சொல்லியிருப்பேன்.

ஆகவே ஒவ்வொரு முறையும் தண்ணீர் மட்டம். மதகிலேயே அளவுக்கோடு இருந்தால் அது, இல்லையென்றால் படித்துறையில் எத்தனை படி மூழ்கியிருக்கிறது என்பது. அடுத்தது, ஒரே இடத்தில் நின்று ஒரே திசையில் எடுத்த படம். நான்கு இடம் தேர்ந்தெடுத்து, பின்னணியில் அசையாத ஒரு பொருள், கோபுரமோ மின்கம்பமோ, எப்போதும் படத்தின் ஒரே மூலையில் வரும்படி எடுங்கள். மூன்று வருடப் படத்தை வரிசையாகப் பார்த்தால் சீமைக்கருவேலம் எவ்வளவு உள்ளே நடந்து வந்திருக்கிறது என்பது எந்த அட்டவணையும் இல்லாமலே தெரியும். போன் கேமரா போதும்.

பரப்பைக் கண்ணளவில் எழுதுங்கள்: திறந்த தண்ணீர் பத்தில் ஐந்து பங்கு, தாமரை இரண்டு, ஆகாயத்தாமரை இரண்டு, சேறு ஒன்று. கூட்டினால் பத்து வர வேண்டும். கரையோரச் செடிகளை இன்னும் நுணுக்கமாகப் பார்க்க ஆசைப்பட்டால், ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரமாகக் கயிறோ பிளாஸ்டிக் குழாயோ செய்து, கரை நெடுக ஐம்பது மீட்டருக்கு ஒரு முறை தரையில் வைத்து உள்ளே என்ன செடி, எவ்வளவு மூடியிருக்கிறது என்று எழுதலாம். அழகான செடி இருக்கும் இடமாகப் பார்த்துச் சதுரத்தை வைக்காதீர்கள். ஐம்பதாவது மீட்டரில் குப்பை இருந்தால் குப்பைதான் கணக்கு.

வானிலிருந்தும் பார்க்கலாம். ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் ஐந்து நாளுக்கு ஒரு முறை நம் ஏரியைப் படமெடுக்கின்றன, 10 மீட்டர் வரை நுணுக்கமாக. கோப்பர்நிகஸ் தளத்தில் படங்கள் இலவசம். மழைக்காலத்தில் பாதிப் படம் மேகமாக இருக்கும் என்பதுதான் குறை. இந்த ஏரி பத்து வருடத்துக்கு முன் எப்படி இருந்தது என்று பார்க்க கூகுள் எர்த்தின் பழைய படங்களைத் திறக்கலாம்.

கூடுகள்

கருவேல மரங்களில் நாரையும் கொக்கும் கூடு கட்டினால் அந்தக் கூடுகளின் கணக்கு மிக மதிப்புள்ளது. கிட்டே போகக் கூடாது. பெரியவை பறந்துவிட்டால் காகம் முட்டையைத் தூக்கிவிடும், குஞ்சு வெயிலில் வாடும். கரையிலிருந்து, மரத்துக்கு ஒரு எண் கொடுத்து, மரம் மரமாக எண்ணுங்கள்.

இலைக்குள் மறைந்த கூடுகளைத் தவறவிடுவோம். எத்தனை தவறவிட்டோம் என்று கணிக்க ஒரு பழைய தந்திரம் உண்டு. நண்பர் ஒருவரும் நீங்களும் பேசிக்கொள்ளாமல் தனித்தனியே எண்ணி, மர வரைபடத்தில் புள்ளி வையுங்கள். நீங்கள் 40 கூடு பார்த்தீர்கள், அவர் 36. இரண்டு தாளையும் ஒப்பிட்டால் 30 கூடு இருவரும் பார்த்தவை. அவர் பார்த்த 36-இல் 30 உங்கள் கண்ணிலும் பட்டிருக்கிறது. அதாவது ஆறில் ஐந்து பங்கு உங்களுக்குத் தெரிகிறது. அப்படியானால் உங்கள் 40 என்பது மொத்தத்தில் ஆறில் ஐந்து பங்கு, மொத்தம் 48 இருக்கலாம். 40-ஐ 36-ஆல் பெருக்கி 30-ஆல் வகுத்தாலும் இதே விடைதான்.

இதே கணக்கின் பெரிய வடிவங்கள்தான் காட்டிலும் ஓடுகின்றன. நீலகிரி வரையாட்டுக்கு 2024-இல் தமிழ்நாடு எடுத்த முதல் ஒருங்கிணைந்த கணக்கெடுப்பில் இருவர் தனித்தனியே பார்க்கும் முறையும் பயன்பட்டது. அந்த வருடம் மாநிலத்தில் 1,031 வரையாடுகள், 2025-இல் 1,303. புலிக்கு இரண்டாவது ஆளின் இடத்தில் தானியங்கி கேமரா. உடம்பின் வரிகள் புலிக்குப் புலி வேறு, ஒரே புலிக்கு இடப்பக்கமும் வலப்பக்கமும்கூட வேறு. அதனால் பாதையின் இருபுறமும் ஒவ்வொரு கேமரா கட்டுவார்கள். முன்பு பிடிபட்ட புலி எத்தனை தடவை திரும்பப் பிடிபடுகிறது என்பதிலிருந்து பிடிபடாதவற்றைக் கணிக்கிறார்கள்.

அதற்கு முன்பு கால்தடத்தை வைத்துத்தான் புலி எண்ணினார்கள். காவலர் ஒவ்வொரு தடத்தையும் தனிப் புலியாகப் பிரித்துச் சொல்லிவிடுவார் என்ற நம்பிக்கை. ராஜஸ்தானின் சரிஸ்காவில் கணக்குப் புத்தகத்தில் புலிகள் இருந்தன, 2005-இல் காட்டில் ஒன்றுமே இல்லை என்று தெரிந்தது. அதன் பிறகுதான் முறை மாறியது. புதிய முறையில் நாடு முழுவதற்குமான முதல் மதிப்பீடு 1,411 என்று 2008-இல் வெளிவந்தது, 2022-க்கான மதிப்பீடு 3,682. இந்த இரண்டு எண்ணையும் மேடையில் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார்கள். இடையில் தேடிய காடும் கட்டிய கேமராவும் எவ்வளவு கூடியிருக்கின்றன என்பதையும் சேர்த்துச் சொல்பவரை மட்டும் நான் நம்புவேன்.

தானியங்கி கேமரா இணையத்தில் விலைக்குக் கிடைக்கிறது என்பதற்காக வாங்கிக் காட்டில் கட்டிவிடாதீர்கள். அனுமதியில்லாமல் காப்புக்காட்டுக்குள் போவதே குற்றம். பறவைக்கு வலை விரித்து வளையம் மாட்டுவதும் பயிற்சியும் அனுமதியும் உள்ளவர்களின் வேலை. யானையை விட்டையைக் கொண்டு கணக்கிடுவது படிக்க நன்றாக இருக்கும்: எத்தனை விட்டை கிடக்கிறது, ஒரு யானை நாளுக்கு எத்தனை முறை போடும், எத்தனை நாளில் மக்கும். மூன்றும் தெரிந்தால் யானை எத்தனை என்று வந்துவிடும். படிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். யானைக்காட்டில் தனியாக நடப்பது பொழுதுபோக்கு அல்ல.

பறவையோடு நிற்காமல் வேறு எதையாவது சேர்க்க வேண்டும் என்றால் வண்ணத்துப்பூச்சி. கரையில் ஒரு கிலோமீட்டர் பாதையைத் தேர்ந்தெடுங்கள். வெயில் உள்ள, காற்றில்லாத முற்பகலில், மெதுவாக ஒரே வேகத்தில் நடந்து, முன்னால் ஐந்து மீட்டர், இருபுறமும் இரண்டரை மீட்டர் என்ற கற்பனைப் பெட்டிக்குள் வருவதை மட்டும் எண்ணுங்கள். பிரிட்டனில் 1976-இலிருந்து தன்னார்வலர்கள் இதே முறையில் நடந்துகொண்டிருக்கிறார்கள். பெட்டிக்கு வெளியே எவ்வளவு அழகான பூச்சி பறந்தாலும் அது கணக்கில் இல்லை. முதல் நாள் மனசு கேட்காது, பழகிவிடும்.

கணக்கை எங்கே சேர்ப்பது

நோட்டு நனையும், கறையான் தின்னும், நீங்களே தொலைப்பீர்கள். அன்றன்றே பக்கத்தைப் படமெடுத்துவிடுங்கள். அன்று இரவே ஈபேர்டில் ஏற்றுங்கள். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகப் பறவையியல் ஆய்வகம் நடத்தும் தளம் அது, 2002-இலிருந்து இயங்குகிறது. கட்டணம் இல்லை. இடம், தேதி, தொடங்கிய நேரம், எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம் நடந்தீர்கள் என்று கேட்கும். கடைசியில், அடையாளம் கண்ட எல்லா இனங்களையும் சேர்த்துவிட்டீர்களா என்று ஒரு கேள்வி வரும். அதற்கு ஆம் என்று நேர்மையாகச் சொல்ல முடிவதுதான் முக்கியம். அரிய பறவையை மட்டும் பொறுக்கி எழுதி காகத்தையும் மைனாவையும் விட்டிருந்தால், இல்லை என்று சொல்லுங்கள். எண்ணாத இனத்துக்கு எண்ணுக்குப் பதிலாக ஒரு பெருக்கல் குறி போட அந்தத் தளம் இடம் கொடுக்கும். கூடுமானவரை அதைத் தவிர்த்து எண்ணையே போடுங்கள், தோராயமாக இருந்தாலும். தண்ணீர் மட்டமும் தொந்தரவும் குறிப்புப் பகுதியில்.

வருடத்தில் சில நாள் எல்லோரும் சேர்ந்து எண்ணுவார்கள். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஒவ்வொரு ஜனவரியிலும் நடக்கிறது, 1987-இல் இந்தியத் துணைக்கண்டத்தில் தொடங்கியது. பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு 2015-இலிருந்து பொங்கல் விடுமுறை நாட்களில். பதினைந்து நிமிடம் வீட்டு மாடியில் நின்று எண்ணினாலும் சேர்த்துக்கொள்கிறார்கள். முதல் முறை எண்ணுபவர்களுக்கு இதைவிட நல்ல நாள் இல்லை, மாட்டுப் பொங்கலன்று கண்மாய்ப் பக்கம் போனால் தூரநோக்கியோடு இன்னொருவரைப் பார்க்க வாய்ப்பு உண்டு. வனத்துறையும் கோடைக்கு முன் நீர்நிலைப் பறவைகளையும் நிலப் பறவைகளையும் எண்ணும்போது தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொள்கிறது.

ஆந்தைக் கூடு, நாரைகள் அடையும் மரம், ஆமை முட்டையிட்ட இடம் ஆகியவற்றின் துல்லியமான இடத்தை வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். அடுத்த ஞாயிறு முப்பது கேமரா அங்கே நிற்கும், அதைவிட மோசமானவர்களும் வரலாம்.

முதல் வருடம் முடிந்ததும்

பன்னிரண்டு எண் கையில் இருக்கும். அதை வைத்து ஒன்றும் சொல்லிவிடாதீர்கள். ஒரு வருடம் மழை பொய்த்தால் பறவைகள் வேறு ஏரிக்குப் போயிருக்கும், செத்துப்போனதாக அர்த்தம் இல்லை. பக்கத்து இரண்டு மூன்று ஏரிகளையும் யாராவது எண்ணினால் இது தெளிவாகும், ஆகவே ஆள் சேருங்கள். ஜனவரியை ஜனவரியோடும், மார்ச்சை மார்ச்சோடும் மட்டும் ஒப்பிடுங்கள், பக்கத்திலேயே தண்ணீர் மட்டத்தையும் எழுதிக்கொண்டு. ஐந்து வருடம் போனால் ஊர்க் கூட்டத்தில் எழுந்து பேச உங்களிடம் ஏதாவது இருக்கும்.

புதிதாக ஒருவர் சேர்ந்தால் முதல் மூன்று மாதம் அவரும் நீங்களும் ஒரே இடத்தில் நின்று தனித்தனியே எண்ணி, கடைசியில் தாள்களை ஒப்பிடுங்கள். அவர் எப்போதும் உங்களைவிடக் கூட்டியோ குறைத்தோ எண்ணுகிறாரா என்று எழுதிவையுங்கள். உங்களுக்கு வேலை மாற்றலாகி ஊரை விட்டுப் போன பிறகு அவர்தான் தொடரப்போகிறார். நோட்டோடு அந்தத் தாளையும் வரைபடத்தையும் அவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.